தேக்குப் பலகையின் கறையும் குறையும்

நிலைக்கதவுக்கென்று புதிதாக அறுத்த தேக்குப் பலகையில் கரும்பச்சைத் திட்டுகளைக் கண்டு பலர் கலங்கிவிடுகிறார்கள். அது கெட்ட மரத்தின் அடையாளம் அன்று. இழைத்த பின் வெளிச்சம் விழும் தாழ்வாரத்தில் சில நாள்கள் வைத்தால் திட்டுகள் மங்கிப் பொன்பழுப்பு நிறம் பரவும். வேலூர் வெயிலில் நேரடியாகக் கிடத்தினால் முனைகள் வெடிக்கும் என்பதால், இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசிவிடுங்கள்.

ஆணியைச் சுற்றிப் படரும் நீலக்கருமைக் கறை வேறு வகையானது. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானின், ஈரத்தில் இரும்புடன் சேர்ந்து அதை உண்டாக்குகிறது. உப்புத்தாளால் எவ்வளவு தேய்த்தாலும் ஆழ்ந்த கறை போகாது. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கறையுள்ள இடத்தில் மட்டுமன்றிப் பலகை முழுவதும் தடவுங்கள். இல்லையெனில் வெளுத்த வட்டம் தனியே தெரியும். கறை நீங்கியதும் நல்ல நீரால் பலமுறை துடைத்து நன்கு உலர்த்த வேண்டும். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு, கையுறை கட்டாயம். அமிலம் காய்ந்த பலகையைக் கழுவாமல் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் ஏறும். இனிப் பித்தளைத் திருகுகளையே பயன்படுத்துங்கள்.

இறுகிய கணுவை அப்படியே விடலாம், அதுவும் ஓர் அழகுதான். ஆடும் கணுவை எபாக்சி பசையால் நிலைநிறுத்துங்கள். வைரத்தை, அதாவது மரத்தின் கடினமான நடுப்பகுதியை, ஒட்டிய வெளிறிய பகுதியையோ வண்டு எளிதில் துளைக்கும். நிலைக்கு அதை அறுத்து நீக்கிவிடுவதே என் முடிவு.