டிராஃப்ட்டில் முன்னேறிப் போக ஓர் அணி கொடுத்த விலை சரியா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

ஏப்ரல் கடைசியில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) நடக்கும்போது, ஏதாவது ஓர் அணி தன் முறை வரும்வரை காத்திருக்காமல், கையிலிருக்கும் மூன்று நான்கு பிக்குகளை (வீரரை எடுக்கும் முறைகளை) இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு முன்னால் போய் ஒரு வீரரை எடுக்கும். இதுதான் டிரேட்-அப். அந்த வீரர் மூன்று வருடம் கழித்து ஜொலித்தால் அருமையான முடிவு, சறுக்கினால் மோசமான முடிவு என்று பேசுவது வழக்கம். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. டிரேட் நடந்த அன்று அணிக்கு என்னென்ன தெரிந்திருந்ததோ அவற்றை வைத்தே எடைபோடலாம். ஒரு தாள், ஒரு கால்குலேட்டர், ஒரு பிக் மதிப்புப் பட்டியல் போதும்.

முதல் வேலை: எண்களை எழுதுவது

தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, கொடுத்தது ஒரு பக்கம், வாங்கியது மறுபக்கம் எழுதுங்கள். ரவுண்டை (தேர்வுச் சுற்றை) எழுத வேண்டாம். ஒட்டுமொத்த வரிசை எண்ணை எழுதுங்கள். மூன்றாம் ரவுண்டு பிக் என்றால் அது 65 ஆகவும் இருக்கலாம், 100 ஆகவும் இருக்கலாம். கீழே வரும் மதிப்புப் பட்டியலில் 65-க்கு 265 புள்ளி, 100-க்கு 100 புள்ளி. ரவுண்டை மட்டும் பார்த்து விலை சொல்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பட்டியல்களில் பழையது, 1991-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் மைக் மெக்காய் தயாரித்தது. அப்போதைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில்தான் இன்றும் வழங்குகிறது. அதன்படி 1-வது பிக் 3000 புள்ளி, 2-வது 2600, 3-வது 2200, 7-வது 1500, 10-வது 1300, 12-வது 1200, 16-வது 1000, 27-வது 680, 32-வது 590, 48-வது 420, 64-வது 270.

அடுத்த வருடப் பிக்குக்கு இன்னும் எண் கிடையாது. அதனால் ஒரு வருடத் தாமதத்துக்கு ஒரு ரவுண்டு இறக்கி, அந்த ரவுண்டின் நடுமதிப்பைப் போடுவது அணிகளின் பழக்கம். அடுத்த வருட முதல் ரவுண்டு பிக், இந்த வருட இரண்டாம் ரவுண்டின் நடுப் பிக்குக்குச் சமம், அதாவது சுமார் 420. அடுத்த வருட இரண்டாம் ரவுண்டு சுமார் 190, மூன்றாம் ரவுண்டு சுமார் 70. இந்த வழக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மூன்று டிரேட்களில் போட்டுப் பார்ப்போம். 2017-ல் சிகாகோ பேர்ஸ் அணி 3-லிருந்து 2-க்கு ஓர் இடம் ஏற, தன் 3-வது பிக்கோடு 67, 111 இரண்டையும், 2018-ன் மூன்றாம் ரவுண்டு பிக்கையும் சான் பிரான்சிஸ்கோவின் ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்குக் கொடுத்தது. 2-க்கும் 3-க்கும் வித்தியாசம் 400. கொடுத்த கூடுதல் 255 + 72 + 70 = 397. கிட்டத்தட்ட தராசு முள் நடுவில். 2018-ல் பால்டிமோர் ரேவன்ஸ் 52, 125, 2019-ன் இரண்டாம் ரவுண்டு ஆகியவற்றை பிலடெல்பியாவுக்குக் கொடுத்து 32, 132 இரண்டையும் வாங்கியது. கொடுத்தது 380 + 47 + 190 = 617; வாங்கியது 590 + 40 = 630. இதுவும் நியாயமான விலை. அதே வருடம் பஃபலோ பில்ஸ் 7-வது பிக்குக்காக டம்பா பேவுக்கு 12, 53, 56 மூன்றையும் கொடுத்தது: 1200 + 370 + 340 = 1910. கைக்கு வந்தது 1500. கூட வந்த 255-வது பிக் கணக்கில் சேராது. 410 புள்ளி அதிகம். மிகுதியை இப்படிப் புள்ளியாக விடாமல் பிக்காக மாற்றிச் சொல்லுங்கள்: 49-வது பிக் ஒன்றைச் சும்மா கொடுத்த மாதிரி.

மூன்று அணிகளும் தேடியது குவாட்டர்பேக்கை, அதாவது பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவரை. சரியான விலை கொடுத்த பேர்ஸ் எடுத்தது மிட்சல் ட்ரபிஸ்கியை; அவர் எதிர்பார்த்தபடி ஜொலிக்கவில்லை. அதே டிராஃப்ட்டில் பேட்ரிக் மஹோம்ஸ் 10-லும் டெஷான் வாட்சன் 12-லும் போனார்கள். அதிக விலை கொடுத்த பில்ஸ் எடுத்தது ஜோஷ் ஆலனை. ரேவன்ஸுக்குக் கிடைத்தவர் லமார் ஜாக்சன். இருவரும் நட்சத்திரங்கள் ஆனார்கள். ஆகவே பட்டியல் சொல்வது சந்தை விலையை மட்டும்தான். வாங்கலாமா கூடாதா என்பது வேறு கேள்வி.

பட்டியல் எங்கே ஏமாற்றும்

ஜான்சன் பட்டியல் வீரர்களின் ஆட்டத்தை அளந்து செய்ததல்ல. அதற்கு முன் நடந்த டிரேட்களில் அணிகள் என்ன விலை கொடுத்தன என்பதிலிருந்து எடுத்தது. அணிகள் முதல் சில பிக்குகளுக்கு அதிக விலை கொடுத்துக்கொண்டிருந்தால் பட்டியலும் அதையே நியாயம் என்று சொல்லும். அது மட்டுமல்ல, 2011-ல் புது வீரர்களின் சம்பள முறையே மாறிவிட்டது. 2010-ல் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை மட்டும் 5 கோடி டாலர். அடுத்த வருட முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருட மொத்த ஒப்பந்தமே 2.2 கோடி டாலர்தான்.

வீரர்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில் உண்மையில் என்ன சம்பாதித்தார்கள் என்பதை வைத்து ஃபிட்ஜெரால்டு, ஸ்பீல்பெர்கர் இருவர் செய்த புதிய பட்டியல் மிகவும் தட்டையானது. ஜான்சன் கணக்கில் 32-வது பிக், முதல் பிக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை; புதியதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டி வரும். இதில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான டிரேட்-அப்கள் நஷ்டமாகத்தான் தெரியும். இரண்டையும் போடுங்கள். பழையது, எதிரணி எந்த விலைக்கு இறங்கிவரும் என்பதைச் சொல்லும். புதியது, அந்த வீரர்மேல் அணிக்கு எவ்வளவு உறுதி இருந்தால் இந்த விலை தகும் என்பதைச் சொல்லும்.

அந்த உறுதி எவ்வளவு நம்பத்தக்கது? கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் இருவரின் ஆய்வு இதற்குக் கடுமையான பதிலைத் தருகிறது. ஒரே பொசிஷனில் (ஆடும் இடத்தில்) அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் பின்னவரை மிஞ்சியது சுமார் 52 சதவீதம் மட்டுமே. காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். "இந்த வருடம் இவர் ஒருவர்தான்" என்று பொது மேலாளர் சொன்னால், அதே பொசிஷனில் அடுத்த இரண்டு மூன்று பெயர்களை எழுதிவைத்து, அவர்கள் எந்த இடத்தில் கிடைப்பார்கள் என்று பாருங்கள். பேர்ஸ் செய்யத் தவறிய கணக்கு இதுதான்.

எந்தப் பொசிஷனுக்காக?

விலை உயர்ந்த டிரேட்-அப் பெரும்பாலும் குவாட்டர்பேக்குக்குத்தான் தகும். காரணம், ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு உள்ள சம்பள உச்சவரம்பு. 2023-ல் முதல் பிக்கான பிரைஸ் யங்கின் நான்கு வருட ஒப்பந்தம் சுமார் 3.8 கோடி டாலர். அதே வருடம் ஜோ பர்ரோ கையெழுத்திட்ட நீட்டிப்பு வருடத்துக்கே 5.5 கோடி டாலர். மலிவான ஒப்பந்தத்தில் நல்ல குவாட்டர்பேக் கிடைத்துவிட்டால், மிச்சமாகும் பணத்தில் ஒரு தற்காப்பு வரிசையையே வாங்கலாம். எட்ஜ் ரஷர் (எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்), லெஃப்ட் டாக்கிள் (தன் குவாட்டர்பேக்கைக் காப்பவர்), வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), கார்னர்பேக் (ரிசீவரைத் தடுப்பவர்) ஆகியோருக்கும் இந்த நியாயம் ஓரளவு பொருந்தும். ரன்னிங் பேக்குக்கும் (பந்தோடு ஓடுபவர்) சேஃப்டிக்கும் (பின்வரிசைத் தடுப்பாளர்) வெளிச்சந்தையிலேயே விலை குறைவு; அவர்களுக்காக இரண்டு பிக் கூடுதலாகக் கொடுப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மதிப்புள்ளது: முதல் ரவுண்டில் எடுத்தவருக்கு மட்டும் ஐந்தாம் வருட விருப்ப உரிமை அணிக்கு உண்டு. ரேவன்ஸ் தன் 52-வது பிக்குக்காகக் காத்திராமல் 32-க்குள் நுழைந்ததால், ஜாக்சன் இன்னொரு வருடம் கட்டுப்பாட்டில் இருந்தார். முதல் ரவுண்டின் கடைசி நான்கைந்து பிக்குகளில் குவாட்டர்பேக்குக்காக டிரேட் நடந்தால் இந்த உரிமையையும் வாங்கிய பக்கத்தில் எழுதுங்கள்.

எதிர்கால முதல் ரவுண்டு: உண்மையான பந்தயம் இங்கேதான்

அடுத்த வருட முதல் ரவுண்டு பிக்கைக் கொடுப்பது, தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட காசோலையைக் கொடுப்பது மாதிரி. தொகையை நிரப்பப்போவது உங்கள் அணியின் அடுத்த சீசன். வாங்கிய வீரர் சறுக்கினால் அணி தோற்கும். தோற்றால் கொடுத்த பிக் மேலே ஏறும். அதாவது தவறு நடக்கும் அதே நேரத்தில்தான் விலையும் கூடுகிறது. ஒரு ரவுண்டு இறக்கிப் போடும் வழக்கமான 420 புள்ளி இதை முழுக்க மறைத்துவிடுகிறது.

2023 மார்ச்சில் கரோலினா பாந்தர்ஸ் முதல் பிக்குக்காக 9, 61, 2024-ன் முதல் ரவுண்டு, 2025-ன் இரண்டாம் ரவுண்டு, கூடவே ரிசீவர் டி.ஜே. மூரையும் பேர்ஸுக்குக் கொடுத்தது. புதுக் குவாட்டர்பேக் பந்தெறிய வேண்டிய சிறந்த ரிசீவரையே விலையில் சேர்த்தது இந்த டிரேட்டின் மிகப் பெரிய பிழை என்பேன். அந்த சீசன் 2 வெற்றி, 15 தோல்வி. கொடுத்த 2024 பிக் முதல் பிக்காகவே மாறியது. பேர்ஸ் அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. 420 என்று எழுதியது 3000 ஆகிவிட்டது.

இதற்கு நேரெதிர், 2021-ல் ஃபார்ட்டி நைனர்ஸ். 3-வது பிக்குக்காக 12-ஐயும் 2022, 2023 முதல் ரவுண்டுகளையும் ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கையும் மயாமிக்குக் கொடுத்தது. எடுத்த ட்ரே லான்ஸ் அந்த அணிக்காக நான்கே ஆட்டங்களைத் தொடங்கினார். 2023-ல் டல்லாஸுக்கு ஒரு நான்காம் ரவுண்டு பிக்குக்குப் போனார். ஆனால் மற்ற வரிசைகள் பலமாக இருந்ததால் அணி வென்றுகொண்டே இருந்தது. கொடுத்த இரண்டு முதல் ரவுண்டுகளும் 29-வது பிக்காகவே முடிந்தன. வீரர் தேர்வில் படுதோல்வி, விலையில் தாங்கக்கூடிய இழப்பு.

ஆகவே எதிர்காலப் பிக்குக்கு மூன்று மதிப்பு போடுங்கள்: ஒரு ரவுண்டு இறக்கிய வழக்கமான மதிப்பு ஒன்று, அணி சுமாராக ஆடினால் வரும் 16-வது பிக்கின் 1000 ஒன்று, அணி சரிந்தால் வரும் முதல் ஐந்து பிக்கின் 1700-க்கு மேல் ஒன்று. மூன்றாவதை வைத்தும் டிரேட் சகிக்கும்படி இருந்தால் மேலே போகலாம். கடந்த சீசனில் ஆறு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி இதைச் செய்தால் எச்சரிக்கையாகப் பாருங்கள். 2017-ல் மஹோம்ஸுக்காக 27, 91, 2018 முதல் ரவுண்டு மூன்றையும் கொடுத்த கன்சாஸ் சிட்டி, முந்தைய சீசனில் 12 ஆட்டம் ஜெயித்த அணி. அலெக்ஸ் ஸ்மித் இருந்ததால் மஹோம்ஸை ஒரு வருடம் உட்காரவைக்கவும் முடிந்தது. கொடுத்த 2018 பிக் 22-ல் போய் நின்றது.

நகர வேண்டிய அவசியம் இருந்ததா?

கடைசியாக, டிரேட் நடக்காமல் இருந்தால் அந்த வீரரை இடையில் யார் எடுத்திருப்பார்கள் என்று அணி அணியாகப் பாருங்கள். குவாட்டர்பேக் தேவைப்படும் அணிகளைக் குறியுங்கள். இன்னோர் அணி டிரேட் செய்து உள்ளே நுழையும் வாய்ப்பையும் சேருங்கள். 2017-ல் ஃபார்ட்டி நைனர்ஸ் கீழே இறங்கி 3-ல் எடுத்தது தற்காப்பு வீரர் சாலமன் தாமஸை. பேர்ஸின் பயம் வேறோர் அணி 2-க்கு வந்துவிடுமோ என்பதில்தான் இருந்திருக்க முடியும். அந்தப் பயத்துக்கான விலை இரண்டு மூன்றாம் ரவுண்டு பிக்கும் ஒரு நான்காம் ரவுண்டு பிக்கும்.

நேரமும் விலையில் சேரும். மார்ச்சிலேயே டிரேட் செய்த அணி, யார் மீதம் இருப்பார் என்று தெரியாமல் வாங்குகிறது. டிராஃப்ட் இரவில், தங்கள் ஆள் இன்னும் இருக்கிறார் என்று பார்த்தபின் வாங்கும் அணிக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் போட்டி இருந்தால் விற்பவர் விலையைக் கூட்டிவிடுவார்.

பயிற்சிக்கு 2025-ன் அட்லாண்டா டிரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்ஜ் ரஷர் ஜேம்ஸ் பியர்ஸுக்காக 46, 242, 2026-ன் முதல் ரவுண்டு ஆகியவற்றை ராம்ஸுக்குக் கொடுத்து 26, 101 இரண்டையும் வாங்கியது. வாங்கியது 700 + 96 = 796. 46-வது பிக் 440; 242-ஐ விட்டுவிடலாம். மிச்சம் 356 புள்ளிக்கு ஓர் எதிர்கால முதல் ரவுண்டு போயிருக்கிறது. வழக்கமான 420-ஐ வைத்தாலே 64 புள்ளி அதிகம். 16-வது பிக் என்று வைத்தால் 644 புள்ளி அதிகம், அதாவது 29-வது பிக் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்ததற்குச் சமம். குவாட்டர்பேக் அல்லாத ஒருவருக்கு இந்த விலை தகுமா என்று, அவருடைய ஆட்ட எண்களைப் பார்க்கும் முன்பே உங்கள் தாளில் எழுதித் தேதியும் போட்டுவையுங்கள்.