மேற்கு ஜன்னலும் மூன்று மணி வெயிலும்

தக்கலையில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கணக்கு எழுதும் ஆபீஸ். மேற்கே மூன்று ஜன்னல், நாலடிக்கு நாலடி, அலுமினிய ஸ்லைடிங் கண்ணாடி. வாடகை பேசக் காலை பத்து மணிக்குப் போனேன். நல்ல வெளிச்சம், சூடே இல்லை, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஆபீசுக்கு இடம் பார்ப்பதானால் மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்.

முதல் வருடம் மெரூன் நிறத்தில் கனமான திரை தைத்துப் போட்டேன். அறை இருட்டானதுதான் மிச்சம். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டால் அடுப்புக்கு மேலே காட்டிய மாதிரி இருந்தது. ஜன்னலோரம் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஏடிஎம் ரசீதுகளில் எழுத்தே இல்லை. வெல்டிங் வேலைக்கு வந்த பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: “சாரே, வெயில உள்ள விட்டுட்டு பொறவு துணி கெட்டினா என்ன செய்ய?”

அவன் சொன்னது சரி. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து துணியைச் சூடாக்குகிறது. துணி விடுகிற அனல் அதே கண்ணாடி வழியாகத் திரும்பிப் போகாது, அறைக்குள்தான் சுற்றும். அதனால் மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. தாழ இறங்கிய கூரை, மர அழி போட்ட ஜன்னல், காற்று வரும், வெயில் வராது. அதைப் பார்த்து வளர்ந்த ஊரில்தான் நாம் கண்ணாடிப் பெட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

‘மேலே சன்ஷேட் இருக்கிறதே’ என்பீர்கள். மேற்கு ஜன்னலுக்கு அது போதாது. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பன்னிரண்டே கால் மணிக்கு. மார்ச் மாதம் நாலே கால் மணிக்கெல்லாம் வெயில் நன்றாகச் சாய்ந்துவிடும். அப்போது இரண்டடி சன்ஷேட் கண்ணாடியில் ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நிழல் தரும், மீதி ஏறக்குறைய மூன்றடியும் வெயிலுக்குத்தான்.

தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு அதே சன்ஷேட் நன்றாக உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். குமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து வரும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. ‘வடக்கு ஜன்னலில் வெயிலே வராது’ என்பது நமக்குப் பொருந்தாது.

சரி, நான் செய்தது இதுதான். வெயிலில் எழுபத்தைந்து சதவீதத்தைத் தடுக்கும் நிழல் வலை வாங்கினேன். தொண்ணூறு போட்டால் பகலிலேயே டியூப்லைட் எரிய வேண்டும். முதலில் பச்சை வலைதான் கட்டினேன். கணக்குப் புத்தகம் பச்சை, வந்தவர் முகம் பச்சை. ஒருவர் என்னைப் பார்த்து “உடம்புக்கு ஏதும் சரியில்லையா அண்ணாச்சி?” என்று கேட்ட பிறகு வெள்ளைக்கு மாறினேன்.

ஜன்னல் அளவுக்கு அப்படியே வலையை வெட்டாதீர்கள், இரண்டு பக்கமும் ஓரடி கூட விடுங்கள். ஆபீசுக்குள் நின்று மேற்கே பார்த்தால், சாயங்கால வெயில் ஜூனில் வலது பக்கமிருந்து நுழையும், டிசம்பரில் இடது பக்கமிருந்து. வலையைக் கண்ணாடியில் ஒட்டவும் கூடாது. சன்ஷேட்டின் வெளி விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டால் நடுவில் இடம் கிடைக்கும், சூடான காற்று வெளியே போய்விடும். அடியில் பிவிசி குழாயைச் செருகி மணல் நிரப்பி இரண்டு முனையையும் மூடினால் வலை விறைப்பாக நிற்கும். கொக்கியும் வளையமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், இரும்பின் கதி அவர்களுக்குத் தெரியும்.

மூங்கில் தட்டி பார்க்க அழகுதான். ஆனால் இங்கே இரண்டு மழைக்காலமும் உண்டு, பூஞ்சை பிடித்துவிடும்.

வெளியே ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையென்றால் உள்ளேயே போடுங்கள், பாதிப் பலனாவது கிடைக்கும். கண்ணாடியைப் பார்க்கிற பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். பட்டை வைத்த பிளைண்ட் என்றால் பட்டையின் வெளி ஓரம் கீழே சாயும்படி திருப்பி வையுங்கள்.

மேலே சுருட்டி வைத்த வலையைக் கீழே இறக்கும் நேரம் முக்கியம். மேற்கில் வெயில் விழுவதற்கு முன்பே, பன்னிரண்டரைக்குள் இறக்கிவிடுவேன். மூன்று மணிக்கு வியர்த்த பிறகு எழுந்து போய் இறக்கினால் அதற்குள் மேஜை, நாற்காலி, தரை எல்லாம் சூடேறியிருக்கும். கிழக்கு ஜன்னல் உள்ளவர்கள் முந்தின நாள் சாயங்காலமே இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏசி இல்லாத ஆபீசில் வலைக்குப் பின்னால் கண்ணாடியைத் திறந்தே வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காற்றோட்டம் இல்லாமல் நிழல் மட்டும் இருந்து பயனில்லை.

அப்புறம், ஜூன் பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று காற்றாலைக்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை. குழாயின் இரண்டு முனையையும் நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், நடுவிலும் ஒரு கட்டு. நான் முனைகளை மட்டும் கட்டிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால், வலை அடுத்த கட்டடத்துத் தண்ணீர் டேங்க் மேல் முக்காடு மாதிரிக் கிடந்தது.