எந்தக் கிரான் வேலை தவறியது என்று கண்டறிவது எப்படி?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் ஒரு கடையின் லினக்ஸ் சர்வரில், இரவு 2 மணிக்குக் கணக்குகளை பேக்கப் எடுப்பதும், 3 மணிக்கு நாகர்கோவில் கிளைக்கு இருப்புப் பட்டியலை அனுப்புவதும் கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் லினக்ஸின் ‘கிரான்’ நிரல் தானாக இயக்கும் வேலைகள், என்று வைத்துக்கொள்வோம். காலையில் பட்டியல் வந்து சேரவில்லையென்றால், எது தவறியது என்பதை ஊகிக்காமல் பதிவுகளிலிருந்தே அறிய வேண்டும்.

முதலில், ஒரு பயனரின் கிரான் பட்டியலைக் காட்டும் ‘கிரான்டாப் -எல்’ (crontab -l) கட்டளையை ரூட் எனும் நிர்வாகி உட்பட ஒவ்வொரு பயனருக்கும் இயக்கி, எந்தெந்த வேலைகள் உள்ளன என்று பாருங்கள். பிறகு உங்கள் லினக்ஸ் வகைக்கேற்ப, உபுண்டுவில் சிஸ்லாக் (syslog) எனும் பொதுப் பதிவுக் கோப்பிலும், ரெட் ஹாட் வகைகளில் கிரானுக்கென்று உள்ள தனி லாக் கோப்பிலும், சிஸ்லாக் இல்லாத புதிய டெபியனில் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) கட்டளை வழியாகவும் அந்த நேரத்து வரியைத் தேடுங்கள். வரியே இல்லையென்றால் வேலை தொடங்கவேயில்லை. வரி இருந்தாலோ, வேலை தொடங்கியது என்பது மட்டுமே உறுதி. அது நல்லபடியாக முடிந்ததா என்பதை அந்த வரி சொல்லாது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் ‘2>&1’ கொண்டு தனித்தனிக் கோப்பில் சேர்த்து, வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் முடிவு எண்ணையும் (exit code) அதிலேயே எழுதச் செய்யுங்கள். 0 என்றால் வெற்றி. 126 என்றால் கோப்பை இயக்க அனுமதி இல்லை. 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. கையால் இயக்கும்போது ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் நின்றுபோவதற்கு, கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) மாறி கிரானில் சுருக்கமாக இருப்பதே பெரும்பாலும் காரணம் என்பதால், கட்டளைகளின் முழுப் பாதையையும் எழுதிவிடுவதே நல்லது. பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க கிரான்டாப் வரியில் ‘%’ குறி இட்டிருந்தால், அதன் முன் ‘\’ இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையேல் கிரான் அந்த வரியை அங்கேயே முறித்துவிடும்.