பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் தகராறா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் காரில் ஒருநாள் தொல்லை ஆரம்பிக்கும். டி-யில் போட்டால் வண்டி உடனே நகராது. அல்லது இரண்டாவது கியருக்கு மாறும்போது உதைக்கும். பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கணும்” என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் ஆயில் குறைவு, துருப்பிடித்த ஒரு கனெக்டர், தேய்ந்த சுவிட்ச், உடைந்த எஞ்சின் மவுண்ட் என்று சின்னக் காரணங்களும் இதே அறிகுறிகளைக் காட்டும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பது கடைசியில் வர வேண்டிய வேலை. அதற்கு முன் வீட்டு வாசலிலேயே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் பெரிய செலவுக்குத் தலையாட்டாதீர்கள்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாக் கார்களும் ஒன்றல்ல. 2014-இல் வந்த மாருதி செலேரியோவில் இருப்பது ஏஎம்டி. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. அதில் ஜெர்க் வந்தால் கிளட்ச் தேய்மானத்தையும் ஆக்சுவேட்டரையும் பார்க்க வேண்டும். சிவிடி என்ற வகையில் தனித்தனி கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டும் புல்லியும் இருக்கும், அதற்கென்று தனி ஆயில் உண்டு. போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் வந்த டிஎஸ்ஜி-யில் இரட்டை கிளட்ச்.

இங்கே நான் சொல்லப்போவது டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக எஞ்சின் சக்தியைக் கடத்தும் பாகம்) வைத்த பழைய நான்கு, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்குகளைப் பற்றி. முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10, பழைய டொயோட்டா கொரோலா, 2008-க்கும் 2013-க்கும் இடையே வந்த தலைமுறை ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த வகை. இவற்றில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே சக்தியைக் கடத்துவது ஆயில்தான். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம். அதனால் இந்த வண்டிகளில் எந்தத் தொல்லையானாலும் விசாரணை ஆயிலிலிருந்து தொடங்க வேண்டும்.

படி 1: அறிகுறியை எழுதி வையுங்கள்

‘சரியா போகல’ என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்கும் பயனில்லை. கீழே உள்ளவற்றில் எது உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறது என்று கவனியுங்கள்.

பி-யிலிருந்து டி-க்கோ ஆர்-க்கோ மாற்றியதும் வண்டி பிடிக்க இரண்டு மூன்று விநாடி ஆகிறதா? இது பெரும்பாலும் ஆயில் குறைவு, அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிப்போனது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் இருக்கிறதா? அது ஸ்லிப். இருப்பதிலேயே அவசரமானது இதுதான், ஏனென்றால் ஸ்லிப் ஆகும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டுகள் சூடாகித் தேய்கின்றன. வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, கிளம்பவே திணறுகிறதா? கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைப் பார்த்துப் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. பழைய ஹூண்டாய்களில் இது மூன்றாவது கியரில் நிற்கும். எஞ்சினை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்றால் மின் கோளாறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வருகிறதா, அரை மணி நேரம் நெரிசலில் நின்ற பிறகு வருகிறதா? சூடான பிறகு மட்டும் ஸ்லிப் ஆனால் அது கவலைக்குரிய அறிகுறி. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். தேய்ந்த சீல்களும் பம்ப்பும் அப்போது அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுவிடும்.

படி 2: ஆயில் அளவும் நிறமும்

சமதளத்தில் செய்ய வேண்டிய வேலை இது. வண்டியை 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, காலை பிரேக்கில் வைத்தபடி, எஞ்சின் ஓடும்போதே லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்ப பி-க்கு வாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்துங்கள். பிறகு எஞ்சினை அணைக்காமல் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ‘ஹாட்’ என்ற இரு கோடுகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும்.

ஹோண்டா இதற்கு விதிவிலக்கு. எஞ்சினைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இதை மறந்து எஞ்சின் ஓடும்போது பார்த்தால் அளவு தவறாகத் தெரியும். சில கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது; அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்து, குறிப்பிட்ட வெப்பத்தில் ஆயில் வழிகிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பட்டறையில் விடுங்கள்.

அளவைவிட நிறம் அதிகம் சொல்லும். பெரும்பாலான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) புதிதாக இருக்கும்போது நல்ல சிவப்பு. பழுப்பாகி இருந்தால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுப்பாக உலோகத் துகள் தெரிந்தால் நிலைமை மோசம்.

எல்லாவற்றிலும் கொடியது ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போன்ற பால் கலந்த இளஞ்சிவப்பு. தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது என்று அர்த்தம். பல கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். பழைய ரேடியேட்டர் உள்ளுக்குள் அரித்தால் கூலன்ட் நேராக கியர்பாக்ஸுக்குள் போகும். இன்னொரு வழி வெள்ளம். கியர்பாக்ஸுக்கு மேலே காற்று போய்வர ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. வண்டி தண்ணீரில் முங்கினால் அது வழியாகத் தண்ணீர் இறங்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ முங்கிய காரைப் பின்னால் யாரோ வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கலாம். செகண்ட்ஹேண்ட் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கிளட்ச் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் காகிதம் சார்ந்தது. தண்ணீரும் கூலன்ட்டும் பட்டால் ஊறி, பசை விட்டு உரியும். அதனால் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் அந்த நிமிடமே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

படி 3: எங்கே ஒழுகுகிறது?

கியர்பாக்ஸ் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சிவப்போ பழுப்போ சொட்டியிருந்தால் அந்த இடத்துக்கு நேர் மேலே பாருங்கள்: அடித்தட்டின் கேஸ்கட், சக்கரங்களுக்குப் போகும் ஆக்ஸில் சீல், ரேடியேட்டருக்குப் போகும் குழாய்கள். இவையெல்லாம் கியர்பாக்ஸைப் பிரிக்காமலே சரிசெய்யக்கூடியவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டினால் பம்ப் சீலாக இருக்கலாம். அதற்குத்தான் இறக்க வேண்டும்.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 4: மின்சாரப் பக்கம்

பேட்டரி பலவீனமாக இருந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் குழம்பும். மல்டிமீட்டர் இருந்தால், எஞ்சின் அணைந்த நிலையில் 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையிலும் காட்ட வேண்டும். பேட்டரி முனைகளையும், கியர்பாக்ஸில் முடுக்கியிருக்கும் எர்த் கம்பியையும் சுத்தம் செய்யுங்கள். கியர்பாக்ஸ் மேல் உள்ள கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா, ஆயில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் கனெக்டரைத் தொட வேண்டும்.

லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-இல் மட்டும் ஸ்டார்ட் ஆவது, ரிவர்ஸ் விளக்கு எரியாமல் இருப்பது, மீட்டரில் கியர் எழுத்து காணாமல் போவது எல்லாம் இந்தச் சுவிட்ச் காட்டும் குணங்கள். வெளியே போல்ட் போட்டு மாட்டியிருக்கும் பாகம் இது. இதை மாற்றுவதற்கும் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்கும் உள்ள செலவு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

படி 5: ஸ்கேனர்

பிஎஸ்-4 (புகை விதி) கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2, அதாவது கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் அமைப்பு, கட்டாயமானது. அதற்கு முந்தைய பல கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பலவும் எஞ்சினின் கோளாறு எண்களை (code) மட்டுமே படிக்கும். பி0700 என்று வந்தால், ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்’ என்று மட்டும்தான் அர்த்தம். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கியர்பாக்ஸையும் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்தில் எல்லாக் கோளாறு எண்களையும் எழுதி வாங்குங்கள். பி0705 வந்தால் மேலே சொன்ன இன்ஹிபிட்டர் சுவிட்ச் பக்கம், பி0715, பி0720 வந்தால் வேக சென்சார்கள், பி0750 வந்தால் ஷிஃப்ட் சோலனாய்டு (கியர் மாற்ற ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு). பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது உண்மையிலேயே ஸ்லிப் ஆகியிருக்கலாம்.

படி 6: எஞ்சின் மேல் சந்தேகம்

எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் டி-யில் போடும்போது ‘டொக்’கென்று அடிக்கும். ஐடிலிங் அதிகமாக இருந்தாலும் அப்படியே. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதித்துப் போகும்போது, கரடுமுரடான சாலையில் போவதுபோல் ஒரு அதிர்வு வந்தால் அது டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்சாகவோ எஞ்சின் மிஸ்ஃபயராகவோ இருக்கலாம். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். எப்படியும் பழைய வண்டிக்கு அந்த வேலை தேவைப்படும்.

படி 7: ஆயில் மாற்றுவது

பெட்டிக்கடையில் ‘எல்லாத்துக்கும் போடலாம்’ என்று தரும் ஏடிஎஃப் வேண்டாம். பழைய நான்கு கியர் ஹூண்டாய்களுக்கு எஸ்பி-3, அந்தக் காலத்து கொரோலாவுக்கு டைப் டி-4, ஹோண்டாவுக்கு முன்பு இசட்-1, இப்போது அதற்குப் பதிலாக டிடபிள்யூ-1. உங்கள் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம்.

டிரெயின் பிளக்கைத் திறந்தால் மொத்த ஆயிலும் வராது. பாதிக்கு மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் வால்வ் பாடியிலும் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) தங்கிவிடும். அதனால் வடிந்ததை அளந்து, அதே அளவு புதிதாக ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். பிளக்கிலோ அடித்தட்டிலோ உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக உலோகம் ஒட்டியிருந்தால்தான் ஆபத்து. அதிகமாக ஊற்றுவதும் கேடு: சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைக்க வைக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது.

மெஷின் வைத்து அழுத்தமாகத் தள்ளிக் கழுவும் ஃபிளஷ்ஷை, பல வருடம் ஆயிலே மாற்றாத வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘புது ஆயில் ஊத்தினா கியர்பாக்ஸ் போயிடும்’ என்ற பேச்சும் உண்டு. ஏற்கெனவே கறுத்துப்போய் ஸ்லிப் ஆகும் கியர்பாக்ஸைப் புது ஆயில் காப்பாற்றாது, அவ்வளவுதான். ஸ்லிப் இல்லாமல் பழுப்பு ஆயிலோடு ஓடும் வண்டிக்கு மாற்றுவது நல்லதே. மாற்றிய பிறகு சில கார்களுக்கு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும் மதிப்புகளை ஸ்கேனர் மூலம் அழித்து மறுபடி பழக்க வேண்டியிருக்கும். அதையும் கேட்டுச் செய்யுங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால்

தீய்ந்த ஆயிலோடு ஸ்லிப், ரிவர்ஸ் முற்றிலும் இல்லை, உலோகச் சில்லுகள் என்றால் இனி ஆட்டோமேட்டிக் தெரிந்த கைக்குத்தான் போக வேண்டும். சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் கெட்டிக்காரர் என்பதற்காக ஒருவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். ஓவர்ஹாலா, சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து பழைய கியர்பாக்ஸா என்ற கேள்வி வரும். பழையது எடுப்பதானால் மாடல் எண் பொருந்த வேண்டும், மாட்டும் முன் அதன் ஆயிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும், ஓட்டிப் பார்க்கும் வாரண்டியை எழுத்தில் வாங்க வேண்டும். எதைச் செய்தாலும் குளிர்விக்கும் குழாய்களைக் கழுவச் சொல்லுங்கள்; பழைய துகள்கள் அங்கே தங்கியிருந்தால் புதுப்பித்த கியர்பாக்ஸுக்குள் மறுபடி போய்ச் சேரும். ஓவர்ஹால் என்றால் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோகும் வழியிலும் கவனம் வேண்டும். கயிறு கட்டி இழுக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது சக்கரம் சுற்றினால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் உரசும். ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். அது கிடைக்காமல் சாதாரண ரெக்கவரி வண்டி வந்தால், முன்சக்கர இயக்கக் காருக்கு முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.