முன் பிரேக்கில் ஏர் எடுக்க மேலிருந்து தொடங்குங்கள்

பைக்கின் முன் டிஸ்க் பிரேக் லீவரைப் பிடித்தால் கெட்டியாக நிற்காமல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? லைனில் காற்று இருக்கிறது. பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். கை கொடுக்கிற அழுத்தம் சக்கரத்தின் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனுக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும்.

நான் முதல்முறை ஏர் எடுத்தபோது காலிப்பர் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரை பாட்டில் ஆயில் போயிற்று. லீவர் அப்படியேதான் இருந்தது. காற்று மேலே, மாஸ்டர் சிலிண்டரில் (லீவரோடு சேர்ந்த, ஆயில் தொட்டி உள்ள பாகம்) ஹோஸ் சேருகிற வளைவில் தங்கியிருந்தது. மேலே ஏறுவதுதான் காற்றின் குணம். அன்றிலிருந்து மேலேதான் தொடங்குகிறேன்.

பெட்ரோல் டேங்க் மேல் ஈரத்துணி போடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்; சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் மட்டமாக நிற்கும்படி ஹாண்டில்பாரைத் திருப்புங்கள். மூடி ஸ்க்ரூவின் தலை சீக்கிரம் வழுக்கிவிடும், சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்தித் திருப்புங்கள். எந்த ஆயில் என்று மூடியிலேயே இருக்கும். டாட் 4 போட்டிருந்தால் சீல் பிரிக்காத டாட் 4 வாங்குங்கள். திறந்து வைத்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் சீக்கிரம் கொதித்துவிடும். டாட் 5 சிலிகான் வகை. அதை இதோடு கலக்கவே கூடாது.

இப்போது தொட்டிக்குள் குனிந்து பாருங்கள். அடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை தெரியும். லீவரை 3, 4 மில்லிமீட்டர் மட்டும் மெதுவாக அசையுங்கள். கடுகு மாதிரி குமிழிகள் அந்தத் துளையிலிருந்து கிளம்பி வரும். வேகமாக இழுத்தால் ஆயில் முகத்தில் பீச்சும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸைக் கீழிருந்து மேலாக ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் இரண்டு குமிழி வரும். பொறுமையாக இருங்கள், பாதி வேலை இங்கேதான் முடிகிறது.

அடுத்து காலிப்பர். முதலில் அதிலிருக்கிற நிப்பிளில் (ஆயிலும் காற்றும் வெளியே வரும் சின்ன போல்ட்) ரிங் ஸ்பானரை மாட்டி, நிப்பிள் முனையில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைச் செருகுங்கள். டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள கொஞ்சம் ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். லீவரை மூன்று முறை பிடித்து, நான்காவது முறை பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். லீவர் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விடவேண்டும். மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை தொட்டியை நிரப்புங்கள். தொட்டி காலியானால் எல்லாம் முதலிலிருந்துதான்.

பழைய வண்டியில் லீவரைக் கடைசிவரை இழுக்காதீர்கள், லீவருக்குப் பின்னால் ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் அரிப்பும் அழுக்கும் இருக்கும், பிஸ்டனின் ரப்பர் சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். நிப்பிளை முறுக்கும்போதும் கவனம், நடுவில் ஓட்டை உள்ள சின்ன போல்ட் அது, சட்டென்று உடையும்.

இரட்டை டிஸ்க் என்றால் இரண்டு காலிப்பரிலும் இதையே செய்யுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இத்தனைக்குப் பிறகும் லீவர் மெத்தென்றிருந்தால் சர்வீஸ் சென்டரில் கருவி மாட்டித்தான் எடுக்கவேண்டியிருக்கும்.

முடிந்ததும் தொட்டியைக் கோடு வரை நிரப்பி மூடி, லீவரை ஒரு நிமிஷம் பலமாகப் பிடித்திருங்கள். லீவர் இறங்கக் கூடாது. நிப்பிளிலும் ஹோஸ் போல்டிலும் ஈரம் தெரியக் கூடாது. அப்புறம் இன்ஜினைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பாருங்கள்.