பேரம் பேசும்போது கோபம்: எங்கே சறுக்குகிறோம்?

பேச்சுவார்த்தையில் கோபம் வருவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் நம்மை மட்டமாக எடைபோட்டால் யாருக்கும் சுர்ரென்று ஏறத்தான் செய்யும். அந்தச் சூட்டிலேயே முடிவெடுப்பதில்தான் நஷ்டம்.

1982-ல் ஜெர்மனியின் பொருளியலாளர் வெர்னர் கூத்தும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரிடம் ஒரு தொகை. அதில் இன்னொருவருக்கு எவ்வளவு என்பதை அவரே சொல்ல வேண்டும். இரண்டாமவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. கணக்குப் பார்த்தால், எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதே லாபம். ஆனால் இதே சோதனையைப் பலர் திரும்பத் திரும்பச் செய்தபோது, பங்கு ரொம்பக் குறைந்தால் பலரும் மறுத்துவிடுவது தெரிந்தது. எனக்கு வராவிட்டாலும் சரி, உனக்கும் வரக்கூடாது! பேரத்தில் நாம் கதவைச் சாத்திவிட்டு வருவதும் பெரும்பாலும் இப்படித்தான். எந்தத் தொகைக்குக் கீழே இறங்க மாட்டோம், பேச்சு முறிந்தால் அடுத்து என்ன வழி என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டால், கோபம் வரும்போது பார்க்க ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

சிலர் வேண்டுமென்றே கத்துவார்கள். அது சில நேரம் பலிக்கும் என்பதும் உண்மை, எதிராளிக்கு வேறு போக்கிடம் இல்லாதவரை. ஆனால் மிரட்டி வாங்கிய சம்மதத்துக்கு வட்டி உண்டு. அப்புறம் வேலை இழுத்தடிக்கும், போனை எடுக்க மாட்டார்கள். போலிக் கோபம் என்று தெரிந்துவிட்டாலோ, அவர்கள் இன்னும் முறுக்கிக்கொள்வார்கள்.

அதற்காக முழுவதையும் விழுங்கிவிட்டுச் சிரிக்கவும் வேண்டாம். அது எங்கோ ஒரு சில்லறை விஷயத்தில் வெடிக்கும். “ஏமாற்றப் பார்க்கிறீர்கள்” என்பதை விட்டு, “நேற்றுச் சொன்ன தொகையும் இன்று சொல்வதும் ஒத்துப்போகவில்லையே, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். எரிச்சல் குரலில் இருக்கட்டும், குற்றச்சாட்டு வேண்டாம்.

இடைவேளை கேட்பது நல்லதுதான். ஆனால் வெளியே வந்ததும் நண்பருக்குப் போன் போட்டு, “அவன் என்ன சொன்னான் தெரியுமா” என்று ஆரம்பித்தால் போச்சு. 2002-ல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், தன்னைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களைவிட, சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே கோபம் குறைவாக இருந்தது. ஆகவே கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாத எதையாவது பாருங்கள், பிறகு அந்தத் தாளை எடுங்கள்.

மின்னஞ்சலில் பேரம் என்றால், பதிலை எழுதி முடிக்கும்வரை பெறுநர் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.