பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (இன்றைய பெஸ்தாரி ஜெயா) சன்வே லகூன்: பெரியவர்கள் ஒரே நாளில் போய்வர ஒரு திட்டம்

சன்வே லகூன், காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் நீர்ச்சறுக்கு, ராட்டினப் பூங்கா. கையில் இருப்பது 480 நிமிடம். உடை மாற்றி லாக்கரில் வைக்க அரை மணி, சாப்பாட்டுக்கு முக்கால் மணி, கடைசியில் குளித்துக் கிளம்ப முக்கால் மணி, அங்கும் இங்கும் நடக்க ஒரு மணி. மிச்சம் 300 நிமிடம்தான். ஒவ்வொரு சறுக்குக்கும் 40 நிமிடம் வரிசையில் நின்றால் ஏழு சறுக்கோடு நாள் முடிந்துவிடும். காலை முதல் இரண்டு மணி நேரத்தை எதற்குச் செலவிடுவது, பிற்பகல் இடி முழங்கும்போது எங்கே இருப்பது, இந்த இரண்டையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

எந்த நாள்

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. ஆனால் அன்றுதான் கூட்டமும். ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் பள்ளி விடுமுறை இல்லாத புதன் அல்லது வியாழனில் போங்கள். நுழைவுச்சீட்டு விலையை விட அந்த விடுப்புக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது எங்கள் கணிப்பு. பள்ளி நாள்களில் செவ்வாய்க்கிழமை மூடும் வழக்கம் உண்டு, ஆகவே பூங்காவின் இணைய நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். ஞாயிறுதான் முடியும் என்றால் பொது விடுமுறையோடு ஒட்டிவரும் ஞாயிறுகளைத் தவிருங்கள்.

சீட்டை இணையத்திலேயே வாங்குங்கள். மலேசியர் விலையில் வாங்கியவர்கள் மைகார்டை (அடையாள அட்டையை) கொண்டுபோக வேண்டும். ஆறு பேரில் ஒருவர் அதை மறந்தாலும், முகப்பில் ஆறு பேரும் காத்திருக்க நேரிடும்.

பூங்கா இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். அந்த மாதங்களில் போகக் கூடாது என்றில்லை. கீழே சொல்லியிருக்கும் வரிசையை விடாமல் பின்பற்ற வேண்டும், அவ்வளவுதான்.

போகும் வழி

காரில் என்றால் ஈஜோக் வந்து லாத்தார் நெடுஞ்சாலை ஏறி, கத்ரி காரிடர் வழியாக புக்கிட் ஜெலுத்தோங் இறங்கி, அங்கிருந்து சுபாங் ஜெயா பக்கம் போகலாம். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், கூடக் கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். சுங்கச் சாவடிக்கான டச் அண்ட் கோ கார்டில் போதிய பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். 7.30க்குக் கிளம்பினால் 9 மணிக்குள் நிறுத்துமிடத்தில் இருக்கலாம். நிறுத்திய தூணின் எண்ணைப் படம் எடுங்கள். மாலையில் களைத்த உடம்போடு கார் தேடுவது பெரிய கொடுமை.

ஓட்டுநர் இல்லாத குழு ரவாங்கில் கேடிஎம் கொம்யூட்டர் ஏறலாம். போர்ட் கிள்ளான் பக்கம் போகும் ரயிலில் செத்தியா ஜெயாவில் இறங்கி, அங்கிருந்து சன்வே பிஆர்டி பேருந்தில் இரண்டாவது நிறுத்தம் சன்வே லகூன். மேம்பாலத்தில் தனிப்பாதையில் ஓடும் மின்பேருந்து அது, சாலை நெரிசல் அதைத் தொடாது. ரயில்கள்தாம் அடிக்கடி வராது. போகும் ரயில், திரும்பும் ரயில், அதைத் தவறவிட்டால் அடுத்தது, மூன்றின் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உடை, நகை, பை

சறுக்குகளில் நைலான் அல்லது லைக்ரா துணிதான். பருத்தி டி-சட்டை தண்ணீரைக் குடித்துக் கனமாகி, சறுக்கில் ஒட்டி வேகத்தைக் குறைக்கும். பாதி வழியில் நின்றுவிட்டால் பின்னால் வருபவர் வந்து மோதுவார். ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஜிப்பும் சறுக்கின் கண்ணாடி இழையைக் கீறும். அதனால்தான் மேலே நிற்கும் காவலர் திருப்பி அனுப்புகிறார். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடைக்குத் தடையில்லை. பெண்களுக்கு அது வசதி, வெயிலுக்கும் பாதுகாப்பு.

நகையை வீட்டிலேயே கழற்றுங்கள். அரை மணி தண்ணீரில் ஊறினால் விரல் சற்றே சுருங்கி, மோதிரம் நழுவும். அலைக்குளத்தின் அடியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் தங்கக் கொடியை வைத்துவிட்டு, அன்று ஒரு நாள் மஞ்சள் கயிற்றில் கோர்த்து, உடைக்குள் செருகி, கழுத்தை ஒட்டிய மூடிய நீச்சலுடை போடுங்கள். தொங்கும் எதுவும் டியூப்பின் (சறுக்கில் உட்கார்ந்து இறங்கும் காற்று மிதவையின்) கைப்பிடியில் மாட்டும். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கட்டும் பட்டை வேண்டும். தலைக்கு எண்ணெய் வைப்பதை அன்று தவிருங்கள், வழிந்து கண்ணில் எரியும்.

நால்வருக்கு ஒரு லாக்கர் போதும். உள்ளே: மாற்றுடை, துண்டு, ஈரத்துணிக்கு நெகிழிப்பை, மருந்து. நீர் புகாத உறையில் குழுவுக்கு ஒரு கைப்பேசி வெளியே இருக்கட்டும். மற்றவை லாக்கரில் இருப்பதால், பிரிந்தவர்கள் கூடுவதற்கு ஓர் இடமும் நேரமும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். '12 மணி, லாக்கர் வாசல்' என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை.

வரிசைக் கணக்கு

வரிசையின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பார்க்க வேண்டியது அது நகரும் வேகம். கீழே நின்று மூன்று டியூப் இறங்குவதை எண்ணுங்கள். நால்வர் உட்காரும் டியூப் 60 நொடிக்கு ஒன்று இறங்கினால் ஒரு மணி நேரத்தில் 240 பேர் போவார்கள். முன்னால் 80 பேர் நின்றால் 20 நிமிடம். அதே சறுக்கில் இருவர் இருவராகப் போனால் மணிக்கு 120 பேர்தான். காத்திருப்பு 40 நிமிடமாகிவிடும். 40 பேர் உட்காரும் கப்பல் ராட்டினம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்பினால் மணிக்கு 480 பேர், முன்னால் நிற்கும் 80 பேரும் 10 நிமிடத்தில் முடிந்துவிடுவார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளிது. டியூப் சறுக்குகளில் வரிசை மெதுவாக நகரும், ஆகவே அவற்றைக் காலையில் முடித்துவிடுங்கள். கதவு திறந்ததும் கூட்டம் முதலில் கண்ணில் படும் இடத்தில் நின்றுவிடும். நீங்கள் நேராக வூவுசெலா என்ற டியூப் சறுக்குக்கு நடங்கள். அடுத்து பாயில் படுத்துப் பந்தயம் விடும் காங்கோ சேலஞ்ச், பிறகு அதை ஒட்டிய சறுக்குகள். 11.45க்குள் நான்கு அல்லது ஐந்து முடிந்திருக்க வேண்டும்.

குழுவை நான்கு நான்கு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் போனால் இரண்டு பேர் எப்போதும் மிஞ்சி, அந்நியரோடு சேரக் காத்திருப்பார்கள். டியூப்புக்கு மொத்த எடை வரம்பு உண்டு, மேலே தராசும் இருக்கும். கனமானவரும் மெலிந்தவரும் எதிரெதிரே உட்காரும்படி கீழேயே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் படி ஏறி, உச்சியில் திருப்பி அனுப்பப்பட்டவர் வீணாக்கிய அரை மணி நேரம் மொத்தக் குழுவுடையது.

விரைவு வரிசைச் சீட்டு வாங்கலாமா? வேலை நாளில் வேண்டாம். ஞாயிற்றில், 11 மணிக்குத்தான் உள்ளே போக முடிந்தது என்றால் மட்டும் யோசியுங்கள். பங்கி ஜம்ப்புக்குத் தனிக் கட்டணம்.

சாப்பாடும் பிற்பகலும்

காலைச் சாப்பாடு 8 மணிக்குள் முடியட்டும்: இரண்டு தோசை அல்லது இட்லி, சாம்பார். தேங்காய்ப்பாலும் சம்பாலும் எண்ணெயும் சேர்ந்த நாசி லெமாக்கை மாலைக்கு வையுங்கள். தலைகீழாகச் சுற்றும்போது அது மேலே வரும். வெளிச் சாப்பாட்டை வாசலில் தடுப்பார்கள், பொட்டலம் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பகல் சாப்பாட்டுக்கு 11.45க்கே உட்காருங்கள். 12.30க்குக் கடைகளில் கூட்டம் குவியும்போது நீங்கள் எழுந்துவிடலாம். உடனே பைரேட்ஸ் ரிவெஞ்ச் கப்பலில் ஏறாதீர்கள், அது முழு வட்டம் சுற்றுவது. முதலில் 428 மீட்டர் தொங்குபாலத்தில் ஒரு நடை, பிறகு கிராண்ட் கேன்யன் ஆற்றுப் படகு, ஒரு மணி நேரம் கழித்துக் கப்பலும் மற்ற உயர ராட்டினங்களும். நம்மூர்க்காரர்களுக்கு ஈயக்குட்டை தெரியும். இந்தப் பூங்காவும் பழைய ஈயச் சுரங்கத்தில், 1993இல் திறந்ததுதான். பள்ளத்தில் இருப்பதால் ஏற்ற இறக்கம் நிறைய. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். மாறி மாறி நடந்தால் முழங்கால் பேசும்.

2.30க்கு மேல் வானத்தைப் பாருங்கள். மைகுவாக்கா செயலியில் முன்னறிவிப்பைக் காலையிலேயே பார்த்து வைத்திருக்கலாம். மின்னல் அருகில் வந்தால் தண்ணீரிலும் உயரத்திலும் இருப்பவை எல்லாம் நிற்கும், கடைசி இடிக்குப் பின் அரை மணியாவது காத்திருப்பதே பாதுகாப்பு. மழைக்குச் சீட்டுப் பணம் திரும்ப வராது. அந்நேரம் கூரைக்கு அடியில் உள்ள பேய்வீட்டுப் பக்கம் இருங்கள். பசியாறிவிட்டதால் கடை வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை. பலரும் மழையோடு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் போகாதீர்கள்: மீண்டும் திறந்த பிறகு 4.30 முதல் 5.15 வரை சறுக்குகளில் வரிசை குறைவு. காலையில் பிடித்ததை இன்னொரு முறை போகலாம். மழையே வராவிட்டால் வெயில் உச்சத்தில் இருக்கும் 2.30 முதல் 4 வரை அலைக்குளத்தில் இருங்கள். அதற்கு வரிசையே கிடையாது.

உடம்பு

முதுகு, கழுத்து வலி, இருதய நோய், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம், அண்மையில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம்: இவற்றில் எது இருந்தாலும் வேக ராட்டினங்கள் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சுழலும் ராட்டினங்களில் தலைசுற்றல் சீக்கிரம் வரும். மருந்தகத்தில் கிடைக்கும் நோவோமின் போன்ற மாத்திரையை அரை மணி முன்பே போட வேண்டும், சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. அது தூக்கம் தரும், ஆகவே கார் ஓட்டுபவர் தொடக் கூடாது.

நம்மவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறைய, அவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பகல் வெயிலில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தால், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். பின்பட்டை உள்ள நீர்க்காலணி வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண சிலிப்பர் நழுவும். மதியம் ஒரு முறை யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பாடு, பையில் கொஞ்சம் மிட்டாய்.

தண்ணீரில் இருப்பதால் தாகம் தெரியாது. ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள். வெயில் களிம்பு எஸ்பிஎஃப் 50, தண்ணீரில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன், பிறகு இரண்டு மணிக்கு ஒரு முறை. கறுத்த தோலும் எரியும். மூக்கு, காது மடல், கால்மேல் பகுதி மறக்கக் கூடாதவை.

திரும்புதல்

5.15க்குத் தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். 5.40க்குக் குளியலறை வரிசை வாசலைத் தாண்டியிருக்கும். கார் ஓட்டுபவர் 4.30க்கே முடித்து, உலர்ந்த உடையில் அரை மணி கண்ணை மூடட்டும். மாலையில் சாப்பிட்டவுடன் ஓட்டினால் ஈஜோக்குக்கு முன்பே கண் சொருகும், ஆகவே இரண்டாவது ஓட்டுநர் ஒருவரைக் காலையிலேயே பேசி வையுங்கள். ஈரத்துணியை அன்றிரவே நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோரின் ஊறிக் கிடந்தால் லைக்ரா தளர்ந்து, அடுத்த முறைக்கு உதவாது.